புரோகிரசிவ் கண்ணாடி சரியில்லை என்று வாடிக்கையாளர் திரும்பி வந்தால்: கண்ணாடிக் கடைப் பணியாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தமிழக-கேரள எல்லையில் உள்ள கம்பத்திலும் குமுளியிலும் கண்ணாடிக் கடையில் புதிதாக வேலைக்குச் சேருபவர்கள், புரோகிரசிவ் லென்ஸ் (மேலே தூரத்துக்கும், நடுவில் இடைப்பட்ட தூரத்துக்கும், கீழே படிப்பதற்குமாகக் கோடு இல்லாமல் பவர் மாறிக்கொண்டே போகும் லென்ஸ்) வாங்கியவர் முகம் சுளித்துக்கொண்டு உள்ளே வந்ததுமே சொல்லிவிடும் ஒரு வார்த்தை உண்டு: "பழகிவிடும்." அது உண்மையாகவே பல நேரங்களில் சரியான பதில்தான். ஆனால் எதையும் அளந்து பார்க்காமல் அதைச் சொல்லும்போது, உண்மையில் 3 மி.மீ. தவறாகப் பொருத்தப்பட்ட லென்ஸோடு ஒருவரை மலைப்பாதையில் அனுப்பிவைக்கிறோம். கீழே உள்ள படிகள் அந்த வார்த்தையை வரிசையின் கடைசிக்குத் தள்ளுவதற்காகவே எழுதப்பட்டவை. வரிசை மாறினால் ஒரு படியில் கிடைக்க வேண்டிய தடயத்தை அதற்கு முந்தைய படியே அழித்துவிடும். ஆகவே வரிசையை மாற்ற வேண்டாம்.

1. முன்கூட்டியே மேசையில் இருக்க வேண்டியவை

லென்ஸோமீட்டர் (லென்ஸின் பவரை அளக்கும் கருவி), பி.டி. ஸ்கேல் (பி.டி. என்பது இரண்டு கண் பாப்பாக்களுக்கும் இடையிலான தூரம்), அழியக்கூடிய நுனி மெல்லிய மார்க்கர் பேனா, ஸ்பிரிட், பென் டார்ச், டிரையல் ஃபிரேம் (சோதனை லென்ஸ்களை மாட்டிப் பார்க்கும் ஃபிரேம்), 0.25 பவரில் பிளஸ் லென்ஸ் ஒன்று, மைனஸ் லென்ஸ் ஒன்று. இவற்றோடு, லென்ஸின் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று காட்டும், லென்ஸ் நிறுவனம் தரும் குறி அட்டை கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு வடிவமைப்புக்கும் அட்டை வேறு; ஒரு நிறுவனத்தின் லென்ஸை இன்னொரு நிறுவனத்தின் அட்டையில் வைத்துக் குறி போடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

லென்ஸ் வந்த உறையைத் தூக்கி எறியக் கூடாது. வாடிக்கையாளரின் பவர் சீட்டு, ஆர்டர் கொடுத்தபோது எழுதிய அளவுகள், உறை ஆகிய மூன்றும் ஒரே கவரில் இருந்தால்தான் 8-ஆம் படியில் சொல்லப்போகும் ஒப்பீடு முடியும்.

படிக்கும் அட்டை தமிழிலும் மலையாளத்திலும் தனித்தனியாக இருக்க வேண்டும். மலையாளம் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் தமிழ் அட்டையை நீட்டினால் அவர் தட்டுத்தடுமாறுவார். அது எழுத்துத் தெரியாத தடுமாற்றமா, பார்வைத் தடுமாற்றமா என்று நமக்குப் புரியாது. வண்டன்மேட்டிலும் குமுளியிலும் பிறந்து வளர்ந்த தமிழர்களில் மலையாளப் பள்ளியில் படித்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே பேச்சைக் கேட்டு நாமாக முடிவு செய்யாமல், எந்த எழுத்துப் படிப்பார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

2. கண்ணாடியைக் கையில் வாங்காமல் கேளுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலான புதியவர்கள் தவறுகிறார்கள். வாடிக்கையாளர் வாய் திறந்ததுமே கண்ணாடியைக் கழற்றி வாங்கி, துணியால் துடைத்து, காதில் மாட்டும் கைகளை நிமிர்த்திக் கொடுத்துவிடுகிறார்கள். அதோடு, அது வீட்டில் எப்படி உட்கார்ந்திருந்தது என்ற தடயம் போய்விடுகிறது. கண்ணாடி முகத்திலேயே இருக்கட்டும். நாம் எதிரே, அவருடைய கண் மட்டத்தில் உட்கார வேண்டும்.

"எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால் "சரியில்லை" என்ற பதில்தான் வரும். வேலையை வைத்துக் கேட்க வேண்டும். "ஐயா, காலையில் எழுந்து கண்ணாடியைப் போட்ட பிறகு, எந்த வேலை செய்யும்போது முதலில் கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டால், படி இறங்கும்போது, பேப்பர் படிக்கும்போது, ஜீப் ஓட்டும்போது என்று இடம் கிடைக்கும். இடம் கிடைத்தால் லென்ஸின் எந்தப் பகுதி என்பது பாதி தெரிந்துவிடும்.

அதன் பிறகு மூன்று கேள்விகள். எத்தனை நாள் போட்டார்? தொடர்ந்து போட்டாரா, இல்லை, பழைய கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் போட்டாரா? கஷ்டம் இரண்டு கண்ணிலுமா, ஒரு கண்ணிலா? மூன்றாவது கேள்விக்குப் பலரால் உடனே பதில் சொல்ல முடியாது. ஒரு கண்ணைக் கையால் மூடிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சொற்களையும் கவனிக்க வேண்டும். "தலைசுத்தல்" என்று தமிழரும், "தலகறக்கம்" என்று மலையாளியும் சொல்வது ஒன்றாக இருக்கலாம். ஆனால் கண்ணாடியைக் கழற்றிய பிறகும் சுற்றுகிறதா என்று கேட்டே தீர வேண்டும். கழற்றினாலும் சுற்றினால் அது கண்ணாடிக் கடையின் வேலை இல்லை. "வளைஞ்சு தெரியுது" என்றால் ஓரத்தில் வளைகிறதா, நேராகப் பார்க்கும் இடத்திலேயே வளைகிறதா என்று கேளுங்கள். இதன் முக்கியத்துவம் அடுத்த படியில் வருகிறது.

சொன்னதை அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "தரை எழும்பி வர்ற மாதிரி இருக்கு" என்பதை "பார்வை தெளிவில்லை" என்று மாற்றி எழுதினால், பிறகு அதைப் படிக்கும் ஆப்டோமெட்ரிஸ்டுக்கு (கண் பவர் பரிசோதிப்பவருக்கு) ஒன்றும் புரியாது.

3. கண்ணாடிப் பேச்சை ஒதுக்கிவைத்து, அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவை

திரை விழுந்தது போல ஒரு பக்கம் மறைவது, மின்னல் வெட்டுவது, திடீரென்று நிறையக் கரும்புள்ளிகள் மிதப்பது, கண் வலியோடு சிவப்பு, திடீரென இரண்டிரண்டாகத் தெரிவது. இவற்றில் எதுவும் புதிய கண்ணாடியால் வருவது என்று நாம் முடிவுகட்டக் கூடாது.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு கதவுச் சட்டத்தை நேராகப் பார்க்கும்போது நடுவிலேயே கோடு வளைந்தாலோ நெளிந்தாலோ, அது விழித்திரையின் மையத்தில் உள்ள கோளாறாக இருக்கலாம். புரோகிரசிவ் லென்ஸ் ஓரங்களில்தான் கோட்டை வளைக்கும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் "லென்ஸ் அப்படித்தான்" என்று திருப்பி அனுப்புவது மன்னிக்க முடியாத தவறு என்பது என் கருத்து.

சர்க்கரை நோயாளியா, அண்மையில் கண்புரை அறுவை செய்தவரா என்பதையும் இங்கேயே கேட்டுவிடுங்கள். சர்க்கரை அளவு மிக அதிகமாக இருந்த நாளில் பவர் பார்த்திருந்தால், மருந்து எடுத்து அளவு இறங்கியதும் பவர் மாறிவிடும். அப்படிப்பட்டவருக்கு லென்ஸை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. சர்க்கரை சில வாரங்கள் நிலையாக நின்ற பிறகு மீண்டும் பவர் பார்க்க வேண்டும்.

4. முகத்தில் உள்ளபடியே பாருங்கள்

இப்போதும் கண்ணாடியைத் தொடக் கூடாது. முதலில் நேராக எதிரிலிருந்து: ஒரு பக்கம் ஏறி இருக்கிறதா? இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருப்பவர்கள் குறைவு. மேசையில் வைத்தால் நேராக நிற்கும் ஃபிரேம் முகத்தில் சாயலாம்.

அடுத்து பக்கவாட்டிலிருந்து: லென்ஸுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி பொதுவாக 12 முதல் 14 மி.மீ. வரை இருக்கும். ஃபிரேமின் கீழ்ப்பகுதி கன்னத்தை நோக்கி 8 முதல் 12 டிகிரி வரை சாய்ந்திருக்க வேண்டும். சாய்வே இல்லாமல் செங்குத்தாக நின்றால் படிக்கும் பகுதி கண்ணை விட்டுத் தள்ளிப்போகும். தள்ளிப்போனதால் குறுகித் தெரியும்.

அவரை எழுந்து வாசல் வரை நடந்து வரச் சொல்லுங்கள். நம் எதிரே உட்காரும்போது, மரியாதையின் காரணமாக, பலர் நிமிர்ந்து விறைப்பாக உட்காருகிறார்கள். நடக்கும்போதுதான் அவரது இயல்பான தலைநிலை தெரியும். ஏலக்காய்ச் சுமை சுமந்து குனிந்தே பழகியவருக்கும் நிமிர்ந்து நடக்கும் ஆசிரியருக்கும் லென்ஸின் பொருத்தக் குறியை (நேராகப் பார்க்கும்போது கண்ணின் பாப்பாவுக்கு எதிரே வர வேண்டிய புள்ளியை) ஒரே உயரத்தில் போட்டால் இருவரில் ஒருவருக்குத் தவறாகிவிடும்.

5. அழிந்துபோன குறிகளை மீண்டும் வரையுங்கள்

இதுதான் முழுச் சோதனையின் முதுகெலும்பு. கண்ணாடியைக் கொடுக்கும்போது மஞ்சள் அல்லது வெள்ளை நிறத்தில் அச்சடித்த குறிகளைத் துடைத்துவிடுகிறோம். ஆனால் லென்ஸின் மேற்பரப்பில் கண்ணுக்கு எளிதில் தெரியாத இரண்டு நுண்ணிய பொறிப்புகள் நிரந்தரமாக இருக்கும். இவை ஒன்றுக்கொன்று 34 மி.மீ. இடைவெளியில், நடுவிலிருந்து இரு பக்கமும் 17 மி.மீ. தள்ளி இருக்கும்.

லென்ஸைக் கருமையான பின்னணிக்கு எதிரே பிடித்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து, மெதுவாகச் சாய்த்தால் பொறிப்பு மினுங்கும். வாயால் ஊதி ஆவி பிடிக்கச் செய்தால் சிலவற்றில் இன்னும் தெளிவாகத் தெரியும். காதுப்பக்கப் பொறிப்பின் கீழே அடிஷன் எண் (தூரப் பவரோடு படிப்பதற்காகக் கூட்டப்படும் பவர்) இருக்கும். மூக்குப்பக்கத்தில் வடிவமைப்பின் அடையாளம் இருக்கும். வலது லென்ஸும் இடது லென்ஸும் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தால் இங்கேயே பிடிபட்டுவிடும்.

இரண்டு பொறிப்பிலும் மார்க்கரால் புள்ளி வைத்து, அந்த நிறுவனத்தின் அட்டையில் லென்ஸைப் பொருத்தி, மேலே உள்ள பொருத்தக் குறியையும், தூரப் பவர் வட்டத்தையும், படிக்கும் வட்டத்தையும் வரைந்துகொள்ளுங்கள். இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோடு ஃபிரேமுக்குக் கிடையாக இல்லாவிட்டால், லென்ஸ் திருகிப் பொருந்தியிருக்கிறது. சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் உள்ள பவர்) உள்ளவருக்கு இந்தத் திருகலே எல்லாப் புகாருக்கும் போதுமான காரணம்.

இப்போது கண்ணாடியை அவர் முகத்தில் மாட்டி, கண் மட்டத்தில் எதிரே உட்கார்ந்து, உங்கள் வலது கண்ணை மூடிக்கொண்டு, உங்கள் இடது கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய வலது கண்ணின் பாப்பாவின் நடுவில் பொருத்தக் குறி விழ வேண்டும். மறு கண்ணுக்கு இதையே மாற்றிச் செய்யுங்கள். நின்றுகொண்டு மேலிருந்து குனிந்து பார்த்தால் குறி இருக்கும் இடத்தைவிடத் தாழ்வாகத் தெரியும். உயரத்தைத் தவறாக எழுதிவைப்பதற்கு இதுவே முதல் காரணம்.

குறி 1 மி.மீ.க்கு மேல் விலகினால் எழுதிக்கொள்ளுங்கள். மேலா கீழா, மூக்குப்பக்கமா காதுப்பக்கமா, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரே பி.டி.யை எடுத்துப் பாதியாக வகுத்து ஆர்டர் செய்வது இன்னும் நடக்கிறது. மூக்கு சரியாக நடுவில் இல்லாதவர்களுக்கு அது ஒவ்வாது.

6. புகாரையும் குறியையும் ஒட்டிப் பாருங்கள்

தூரம் மங்கலாக இருந்து, தாடையைக் கீழே இறக்கிப் பார்த்தால் தெளிவாகிறது என்றால், குறி உயரமாக இருக்கிறது. நேராகப் பார்க்கும்போதே பார்வை இடைப்பட்ட பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. தலையைக் குனிந்தால் கண் லென்ஸின் மேற்பகுதி வழியாகப் பார்க்கும், அதனால் தெளிகிறது.

படிக்கத் தாடையைத் தூக்க வேண்டியிருக்கிறது, அல்லது கண்ணாடியைக் கையால் மேலே தூக்கிப் பிடித்தால் எழுத்து தெளிகிறது என்றால், குறி தாழ்வாக இருக்கிறது, அல்லது ஃபிரேம் மூக்கில் வழுகியிருக்கிறது. அதுவும் இல்லையென்றால் ஃபிரேமின் உயரமே போதவில்லை. சாதாரண வடிவமைப்புக்குக் குறியிலிருந்து கீழ் விளிம்பு வரை சுமார் 18 மி.மீ. வேண்டும், குறுகிய வடிவமைப்புக்கு சுமார் 14. பார்க்க அழகாக இருக்கும் ஒல்லி ஃபிரேமில் சாதாரண வடிவமைப்பைப் பொருத்தினால், படிக்கும் பகுதியை அரைத்துத் தூக்கிப்போட்டுவிட்டோம் என்றே பொருள்.

பக்கத்தைத் திருப்பிப் பிடித்தால்தான் படிக்க முடிகிறது என்றால் பி.டி. ஒரு பக்கம் தவறியிருக்கிறது, அல்லது ஒரு லென்ஸ் கண்ணுக்கு அருகிலும் மற்றது தள்ளியும் நிற்கிறது.

புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோனால்தான் தெரிகிறது என்றால் அடிஷன் அதிகமாக இருக்கலாம். கையை முழுதும் நீட்டினால்தான் தெரிகிறது என்றால் குறைவாக இருக்கலாம். அடிஷன் கூடக் கூட இரு ஓரங்களின் மங்கலும் கூடும். 50 வயதை ஒட்டியவருக்கு தேவைக்கு மேல் +2.50 கொடுத்துவிட்டால் படிப்பும் குறுகும், பக்கவாட்டு ஆட்டமும் கூடும். இரண்டு புகார், ஒரே காரணம்.

கீழே பார்த்துப் படிக்கும்போது மட்டும் எழுத்து மேலும் கீழுமாக இரட்டிக்கிறது என்றால் இரண்டு கண்களின் பவர் வித்தியாசத்தைப் பாருங்கள். வலது -1.00, இடது -3.00 என்றால் வித்தியாசம் 2 டயாப்டர் (பவரின் அலகு). லென்ஸின் நடுவிலிருந்து 10 மி.மீ. கீழே பார்க்கும்போது இரண்டு கண்களுக்கும் இடையே 2 பிரிசம் (பிம்பத்தை இடம் நகர்த்தும் விளைவு) அளவுக்கு மேல்கீழ் இழுப்பு உண்டாகிறது. இதை ஃபிரேமைத் திருகிச் சரிசெய்ய முடியாது. படிப்பதற்குத் தனிக் கண்ணாடி கொடுப்பதே நேர்மையான வழி.

7. ஃபிரேமைச் சரிசெய்யுங்கள்

செலவில்லாத திருத்தத்தை முதலில் செய்ய வேண்டும். என் அனுபவத்தில் கணிசமான புகார்கள் இந்த மேசையிலேயே முடிந்துவிடுகின்றன.

குறி உயரமாக இருந்தால் நோஸ் பேட்களை (மூக்கில் உட்காரும் சிறு திண்டுகளை) அகலப்படுத்துங்கள், ஃபிரேம் இறங்கும். தாழ்வாக இருந்தால் பேட்களை நெருக்குங்கள், ஏறும். இரண்டு பேடையும் சமமாக நகர்த்தாவிட்டால் ஒரு கண்ணைச் சரிசெய்து மறு கண்ணைக் கெடுத்துவிடுவோம். படிக்கும் பகுதி குறுகலாக இருந்தால், குறி சரியான இடத்தில் இருக்கும்போதே சாய்வைச் சற்றுக் கூட்டி, லென்ஸைக் கண்ணுக்கு நெருக்கிப் பாருங்கள். சாவித்துளை வழியாகப் பார்ப்பது போலத்தான்: நெருங்க நெருங்க அகலமாகத் தெரியும்.

பேட் இல்லாத பிளாஸ்டிக் ஃபிரேமில் உயரத்தை இப்படி மாற்ற முடியாது. ஹீட்டரில் சூடாக்கிக் கைகளை வளைத்துச் சாய்வையும் காதுப்பிடிப்பையும் மட்டும் மாற்றலாம். இதனால்தான் உயர்ந்த அடிஷன் உள்ளவர்களுக்கு முதலிலேயே பேட் உள்ள ஃபிரேமைக் காட்டுங்கள் என்று சொல்கிறேன்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். மாற்றியதும் அவர் எந்த வேலையில் கஷ்டம் என்று சொன்னாரோ அதையே செய்யச் சொல்லிப் பாருங்கள்.

8. பவரைச் சரிபாருங்கள்

தூரப் பவரை, அட்டை காட்டும் தூர வட்டத்தில் மட்டும் படிக்க வேண்டும். பொருத்தக் குறியிலோ லென்ஸின் நடுவிலோ படித்தால் அடிஷன் சேரத் தொடங்கியிருக்கும். "லென்ஸ் தவறு" என்று அவசரத்தில் சொல்லிவிடுவோம்.

டிஜிட்டல் முறையில் வெட்டப்பட்ட லென்ஸ்களில், உறையில் இரண்டு வரிசை எண்கள் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். ஒன்று நாம் ஆர்டர் செய்த பவர். மற்றொன்று, ஃபிரேமின் சாய்வையும், லென்ஸுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளியையும் கணக்கிட்டுத் திருத்திய, லென்ஸோமீட்டரில் காட்ட வேண்டிய பவர். ஒப்பிட வேண்டியது இரண்டாவதோடு. சீட்டில் -1.50, இயந்திரத்தில் -1.43 என்று வந்தால் பதற வேண்டாம், உறையைப் பாருங்கள்.

அதேபோல், இரண்டு லென்ஸிலும் ஒரே அளவில் கீழ்நோக்கிய பிரிசம் தெரிந்தால் அது லென்ஸை மெல்லியதாக்க நிறுவனம் வேண்டுமென்றே வைத்தது. இரண்டிலும் வெவ்வேறாகத் தெரிந்தால்தான் கோளாறு.

எல்லாம் பொருந்தியும் தூரம் மங்கல் என்றால், கண்ணாடியின் மேற்பகுதிக்கு முன்னால் +0.25, -0.25 லென்ஸ்களை மாற்றி மாற்றிப் பிடித்து, ஒவ்வொரு கண்ணாகக் கேளுங்கள். ஒன்றில் தெளிவாக முன்னேற்றம் தெரிந்தால் மறுபரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சீட்டு தேனியிலிருந்து வந்ததா, மதுரையிலிருந்தா, கோட்டயத்திலிருந்தா என்பது பொருட்டில்லை. எழுதியவரைக் குறைசொல்லாமல், நாம் கண்டதை ஒரு தாளில் எழுதி, வாடிக்கையாளரிடமே கொடுத்தனுப்புங்கள்.

9. பழைய கண்ணாடியை அளக்காமல் முடிவு செய்யாதீர்கள்

பழைய கண்ணாடியின் பவரையும் அடிஷனையும் அளந்து புதியதன் பக்கத்தில் எழுதுங்கள். சிலிண்டர் புதிதாகச் சேர்ந்திருந்தாலோ, ஆக்சிஸ் (சிலிண்டர் அமைந்த கோணம்) 10 டிகிரிக்கு மேல் திரும்பியிருந்தாலோ, தரை சாய்ந்தும் சுவர் விழுவது போலவும் தோன்றுவது எதிர்பார்க்கத்தக்கதே. அது புரோகிரசிவ் என்பதால் வந்தது இல்லை. எந்த லென்ஸிலும் வரும்.

பத்தாண்டு பைஃபோகல் (தூரத்துக்கு ஒன்று, படிப்புக்கு ஒன்று என இரண்டு பகுதி மட்டும் உள்ள லென்ஸ்) போட்டவரிடம் வேறு வகையில் பேச வேண்டும். அவருக்குக் கீழே அகலமான படிக்கும் கட்டம் பழகிவிட்டது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டியே பேப்பரின் ஓரம் வரை படிப்பார். அந்த அகலம் எந்த விலை புரோகிரசிவிலும் கிடைக்காது. விற்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டிருந்தால் இப்போதாவது ஒப்புக்கொண்டு சொல்ல வேண்டும்.

10. பயன்படுத்தக் கற்றுக்கொடுங்கள்

குறி, ஃபிரேம், பவர் மூன்றும் சரியென்று தெரிந்த பிறகுதான் இந்தப் படி. இங்கேதான் "பழகிவிடும்" என்று சொல்ல நமக்கு உரிமை வருகிறது. அதுவும் எப்படிப் பழகுவது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் ஓட்டுபவர், பக்கக் கண்ணாடியைக் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தால் லென்ஸின் மங்கலான ஓரத்தில்தான் பார்ப்பார். மூக்கை அந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் சில நாட்கள் வீட்டிலும் கடையிலும் போட்டுப் பழகிய பிறகே வண்டியில் போட வேண்டும்.

படி இறங்கும்போது தாடையை நெஞ்சை நோக்கி இறக்கி, மேற்பகுதி வழியாகப் படியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏலத்தோட்டச் சரிவில் நாள் முழுதும் காலடியைப் பார்த்து நடக்க வேண்டியவருக்கு இது போதாது. அவருக்குத் தோட்டத்துக்கென்று தூரப் பவர் மட்டும் உள்ள ஒரு சாதாரணக் கண்ணாடியைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்; ஈர மண்ணில் கால் தவறி விழுந்தால் இழப்பது கண்ணாடி விலையை விட மிகப் பெரிது.

புற்றடியிலோ போடியிலோ மின்னேலத்தில் உட்காரும் ஏலக்காய் வியாபாரிகளின் புகார் தனி வகை. தட்டில் வரும் காய் மாதிரியைக் கையருகில் பார்க்கிறார்கள். அடுத்த நொடி கணினித் திரையைப் பார்க்கிறார்கள். திரை இருக்கும் தூரத்துக்கான பகுதி புரோகிரசிவில் மிகக் குறுகலானது. திரை உயரத்தில் இருந்தால் தாடையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலி வரும். ஏலக் கூடத்தின் திரையை அவரால் இறக்க முடியாது. ஆகவே திரைக்கும் கைத்தூரத்துக்கும் மட்டுமான அலுவலக லென்ஸைப் பற்றிச் சொல்லுங்கள்.

பழைய கண்ணாடியை மாற்றி மாற்றிப் போடாமல் இருந்தால் பெரும்பாலானோர் சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பழகிவிடுகிறார்கள்.

11. லென்ஸை மாற்றுவது

பல நிறுவனங்கள், பழகாதவர்களுக்கு லென்ஸை மாற்றித் தரும் உறுதியைக் குறிப்பிட்ட நாட்கள் வரை தருகின்றன. நாள் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதை லென்ஸ் நிறுவனத்தின் விற்பனையாளரிடம் கேட்டு பில்லிலேயே எழுதிவையுங்கள். காத்திருங்கள் காத்திருங்கள் என்று சொல்லி அந்த நாட்களைக் கடத்திவிட்டால் நட்டம் கடைக்கோ வாடிக்கையாளருக்கோ வந்து சேரும்.

அதே அளவுகளோடு அதே லென்ஸை மீண்டும் ஆர்டர் செய்யவே கூடாது. அதே புகார்தான் திரும்பி வரும். ஐந்தாம் படியில் கண்ட விலகலைத் திருத்தி, ஒவ்வொரு கண்ணுக்கும் பி.டி.யும் உயரமும் தனியாக, சாய்வும், லென்ஸுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளியும் சேர்த்துப் புதிதாக எழுதி அனுப்புங்கள். விலை கூடிய வடிவமைப்பு ஓரத்து மங்கலைக் குறைக்கலாம், 3 மி.மீ. தவறிய உயரத்தை அது சரிசெய்யாது. அளவு தவறியது நம் கையில் என்றால், அதை வாடிக்கையாளரிடம் சொல்லி, கூடுதல் பணம் வாங்காமல் செய்து கொடுக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் சிலரால் பழக முடியாது. அவர்களுக்குப் பைஃபோகலையோ, தூரத்துக்கும் படிப்புக்கும் தனித்தனிக் கண்ணாடியையோ கொடுங்கள்.

12. நான்காம் நாள் போன் செய்யுங்கள்

நெடுங்கண்டத்திலிருந்தோ வண்டிப்பெரியாறிலிருந்தோ வருபவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி வருகிறார். "இரண்டு வாரம் கழித்து வாருங்கள்" என்று சொன்னால் பலர் வரமாட்டார்கள். கண்ணாடி பெட்டிக்குள் போய்விடும், வாங்கிய பணமும் அதோடு போகும். நான்காம் நாள் நாமே போன் செய்து, முதல் நாள் எழுதிவைத்த அவருடைய சொற்களையே படித்துக் காட்டிக் கேட்க வேண்டும்: "அக்கா, அன்னைக்கு தரை எழும்பி வர்ற மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே, இப்போ எப்படி இருக்கு?" குறைந்திருந்தால் பதினான்காம் நாள் இன்னொரு போன். கொஞ்சமும் குறையவில்லை என்றால் அடுத்து ஊருக்குள் வரும் நாளைக் கேட்டு, அன்று ஆப்டோமெட்ரிஸ்ட் கடையில் இருப்பதை உறுதிசெய்து, அந்தத் தேதியைக் கவரின் மேல் எழுதிவையுங்கள்.